அரசாணை கையில் வந்தாச்சு, நிலம் யாருடையது?

கேள்வி | 9 ஜூன் 2025

எங்கள் மாவட்டத் தலைநகருக்கு வெளியே அரசு விதைப்பண்ணை ஒன்று பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. கிட்டத்தட்ட 60 ஏக்கர். வேளாண்மைத் துறை "எங்களுக்குத் தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் புது வளாகத்துக்கு அந்த நிலத்தைக் கேட்கிறார்கள். அரசு நிலம், அரசுப் பல்கலைக்கழகம். அரசாணை வந்த மறுநாளே மதில் கட்ட வேண்டியதுதானே? ஊராட்சித் தீர்மானம், உட்பிரிவு (நிலத்தை அளந்து பிரித்துத் தனி எண் தருவது), ஏ-1 விளம்பரம் (ஊரில் ஆட்சேபணை கேட்டு ஒட்டும் அறிவிப்பு) என்று எதற்கு இழுக்கிறார்கள்? வீண் காகித வேலை என்பது என் கருத்து.

பதில் | 9 ஜூன், இரவு

"அரசு நிலம், அரசுப் பல்கலைக்கழகம்" என்ற வரியிலேயே சிக்கல். இது அரசுக்கு அரசு கொடுப்பது இல்லை. பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் உண்டான அமைப்பு. தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குப் போடும், வழக்கை எதிர்கொள்ளும். வேளாண் துறை நிலத்தைக் காவல் துறைக்குக் கொடுத்தால் அது நில மாற்றம்: உரிமை அரசிடமே இருக்கும், பொறுப்பில் இருக்கும் துறை மட்டும் மாறும். பல்கலைக்கழகம், வாரியம், கழகம், உள்ளாட்சி இவற்றுக்குக் கொடுத்தால் அது நில உரிமை மாற்றம். வருவாய்த் துறையின் நிரந்தர விதிகளில் ஒன்றான வருவாய் நிலை ஆணை எண் 24 இதற்குத்தான்.

கோப்பைத் தவறான தலைப்பில் தொடங்கினால் மேலே போய்த் திரும்பி வரும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியர், ஆட்சியர், சேப்பாக்கம் எழிலகத்தில் நில நிர்வாக ஆணையர், அங்கிருந்து தலைமைச் செயலகம். கடைசிப் படியில் "நில உரிமை மாற்றமாக முன்மொழிவு அனுப்புக" என்று ஒரு வரிக் குறிப்பு விழுந்தால் மறுபடி அடியிலிருந்து.

10 ஜூன்

துறை "வேண்டாம்" என்று எழுதினால் போதுமா? போதாது. அந்தக் கடிதம் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அதற்கு மதிப்பே இல்லை. துறை முதலில் நிலத்தை வருவாய்த் துறையிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். துறைத் தலைவரின் இசைவு வேண்டும். பண்ணை மேலாளர் கையெழுத்து செல்லாது. நிலத்தில் உள்ள கிணறு, மோட்டார் கொட்டகை, சேமிப்புக் கிடங்கு, மின் இணைப்பு இவற்றின் பட்டியலும், கட்டடங்களுக்குப் பொதுப்பணித் துறையின் மதிப்பீடும் கூட வர வேண்டும். மின் இணைப்பை மறந்துவிடுவார்கள். பழைய பெயரில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும், புது இணைப்புக் கேட்கும்போது பல்லைக் காட்டும்.

10 ஜூன், பின்னால்

முக்கியமானதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்: இந்த 60 ஏக்கர் அரசுக்கு எப்படி வந்தது? எல்லா விடையும் அதற்குள்தான்.

(அ) ஆதியிலிருந்தே புறம்போக்கு அல்லது தரிசு என்றால் வேலை எளிது. 'அ' பதிவேட்டில் (ஒவ்வொரு புல எண்ணின் வகையும் உரிமையும் பதிந்த கிராமக் கணக்கு) வகைப்பாட்டைப் பாருங்கள். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து என்றால் நிம்மதி. ஏரி, ஓடை, வாய்க்கால், குளம் என்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும். "ஓடையில் 30 வருடமாகத் தண்ணீரே வரவில்லை" என்ற வாதம் எடுபடாது.

(ஆ) நில எடுப்பு செய்து வந்தது என்றால் தீர்ப்பாணை (இழப்பீட்டை நிர்ணயித்த ஆணை) நகல், நிலம் கையகப்படுத்திய சான்று, இழப்பீடு கொடுத்த அல்லது நீதிமன்றத்தில் கட்டிய ஆதாரம் மூன்றும் வேண்டும். விதைப்பண்ணைகளில் பல 1894 நில எடுப்புச் சட்டப்படி எடுத்தவை. அந்தச் சட்டத்தில் அரசு கைக்கு வந்துவிட்ட நிலம் வில்லங்கம் எதுவுமின்றி அரசுக்கே சேரும். எடுத்த நோக்கத்துக்குப் பயன்படாவிட்டால் வேறு பொது நோக்கத்துக்குத் தரலாம், பழைய உரிமையாளருக்குத் திரும்பக் கேட்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதற்குப் பதிலாக வந்த 2013 நில எடுப்புச் சட்டப்படி எடுத்த நிலம் வேறு கதை. பிரிவு 99 நோக்கத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பிரிவு 101 ஐந்து வருடம் பயன்படாமல் கிடந்தால் உரிமையாளருக்கோ நில வங்கிக்கோ திரும்பவேண்டும் என்கிறது. ஆகவே எந்தச் சட்டம் என்று பார்க்காமல் கோப்பைத் தொடாதீர்கள்.

(இ) யாராவது தானமாகக் கொடுத்தது என்றால் தானப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். "விதைப்பண்ணைக்கு மட்டும், இல்லாவிட்டால் வாரிசுகளுக்கு" என்று எழுதியிருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

(ஈ) நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த மிகை நிலம் என்றால் அது நிலச் சீர்திருத்தத் துறையின் கோப்பு. நிலமற்றவர்களுக்குப் பகிர்வதற்காக எடுத்தது. பொது நோக்கத்துக்கு ஒதுக்க வழி உண்டு, ஆனால் நிலை ஆணை 24 அந்த வழி இல்லை. பூதான நிலம் (பூதான இயக்கத்தில் தானமாக வந்தது), பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியது) இரண்டையும் தொடவே வேண்டாம். 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் நிபந்தனை பற்றிய சொல் ஒன்று தென்பட்டாலும் பழைய செட்டில்மென்ட் பதிவேடு வரை பின்னால் போய்ப் பாருங்கள்.

11 ஜூன்

மேலே (ஆ)-வுக்கு ஒரு சேர்க்கை. நில எடுப்பு 1960-களில் முடிந்திருக்கும். கிராமக் கணக்கில் பெயர் மாற்றாமலே விட்டிருப்பார்கள். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) நடந்தபோது கணக்கில் இருந்த பழைய பெயருக்கே பட்டா கொடுத்திருப்பார்கள். இப்போது பழைய உரிமையாளரின் பேரன் கையில் கணினிப் பட்டா, துறை கையில் கறையான் தின்ற தீர்ப்பாணை. இப்படி ஒரு புல எண்ணாவது இல்லாத பண்ணை அபூர்வம்.

இதற்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் யு.டி.ஆர். தவறு திருத்தம் கோர வேண்டும். பட்டாதாரருக்கு அறிவிப்பு, விசாரணை, உத்தரவு. இதை நில உரிமை மாற்றக் கோப்போடு சேர்த்து ஓட்டக்கூடாது. தனியாக, முதலில் முடிக்க வேண்டும். சேர்த்து ஓட்டினால் ஒரு ஏக்கர் தகராறு 59 ஏக்கரையும் பிடித்து நிறுத்தும்.

2013 சட்டத்தின் பிரிவு 24(2)-ஐக் காட்டி "நில எடுப்பு காலாவதி" என்று வருவார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இந்தூர் மேம்பாட்டு ஆணைய வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: கையகப்படுத்தவும் இல்லை, இழப்பீடும் தரவில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காலாவதி. ஒன்று நடந்திருந்தாலும் அரசு தப்பியது. மூன்று ஆதாரம் கேட்டதற்கு இதுவும் காரணம்.

12 ஜூன்

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

பல்கலைக்கழகப் பதிவாளரின் கோரிக்கை, கூடவே ஆட்சிமன்றக் குழுத் தீர்மானம். எவ்வளவு நிலம், எதற்கு என்ற விவரம்: வகுப்பறைத் தொகுதி, விடுதி, விளையாட்டுத் திடல், சாலை என்று பரப்புக் கணக்கோடு. "எதிர்கால விரிவாக்கத்துக்கு" என்று 40 ஏக்கர் போட்டால் அந்த 40-ஐத்தான் முதலில் வெட்டுவார்கள். 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா நகல்கள். புலப்படம் ஒவ்வொரு புல எண்ணுக்கும். எல்லாவற்றையும் ஒட்டிய கூட்டு வரைபடம். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அறிக்கைகள். தடையாணைப் புத்தகத்தில் (யாருக்கும் ஒப்படை செய்யக்கூடாத அரசு நிலங்களின் பட்டியல்) அந்தப் புல எண் இல்லை என்ற சான்று. ஊராட்சித் தீர்மானம். ஏ-1 விளம்பரமும் ஆட்சேபணை இல்லை என்ற குறிப்பும். வழிகாட்டி மதிப்பு, சுற்றுப்புறக் கிரயப் புள்ளிவிவரம், நில மதிப்பு முன்மொழிவு. மரங்களின் பட்டியல், வனத்துறை மதிப்போடு. வழக்கு நிலுவை இல்லை என்ற சான்று.

இலவசமாகக் கேட்டாலும் மதிப்பு நிர்ணயம் வேண்டும். எவ்வளவு பெறுமான நிலத்தை அரசு விட்டுக்கொடுக்கிறது என்று தெரியாமல் நிதித் துறை இசைவு தராது.

12 ஜூன், சின்னதாக

கிராமக் கணக்கில் 12.45.50 என்று இருந்தால் 12 ஹெக்டேர், 45 ஏர், 50 சதுர மீட்டர். அதாவது சுமார் 30.78 ஏக்கர். இதை 12.45 ஏக்கர் என்று படித்துக் கோரிக்கை எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உங்கள் 60 ஏக்கர் 24.28 ஹெக்டேருக்குப் பக்கத்தில் வர வேண்டும். கூட்டிப் பாருங்கள்.

14 ஜூன்

ஏ-1 விளம்பரம் வெறும் சடங்கு என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். பாதி உண்மைதான். புளியமரத்தில் ஒட்டினால் முதலில் படிப்பது ஆடு. படித்து முடித்ததும் தின்றுவிடும்.

ஆனால் 15 நாள் கெடுவுக்குள் வரும் ஆட்சேபணைகள்தான் பின்னால் ரிட் மனுவாக வரப் போகிறவை. இப்போதே தெரிந்துகொள்வது லாபம். வழக்கமாக வருபவை: சுடுகாட்டுப் பாதை நிலத்தின் நடுவே போகிறது, ஆடுமாடு மேய்கிறது, யாருக்கோ 2-சி பட்டா இருக்கிறது. இந்தக் கடைசியைப் பல பதிவாளர்கள் கேள்விப்பட்டதே இல்லை. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க மட்டும் தரும் பட்டா அது. மண் அரசுடையது, பனையோ புளியோ அவர் அனுபவத்தில். அதை முறையாக ரத்து செய்யாமல் மரத்தை வெட்டினால் வளாகத்தின் முதல் வழக்கு தயார்.

மேய்க்கால் என்று வகைப்பாடு இருந்தால் அதே பரப்புக்கு வேறு இடத்தில் மேய்க்கால் நிலம் காட்ட வேண்டும், கால்நடைத் துறையின் கருத்தும் வேண்டும். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொது நிலங்களைக் காக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்ட பிறகு இந்த இடத்தில் யாரும் கையெழுத்துப் போடத் துணிவதில்லை. போடாமல் இருப்பதே நல்லது.

ஆக்கிரமிப்பு இருந்தால் பி-மெமோ (ஆக்கிரமிப்பாளர் மேல் வருவாய்த் துறை போடும் குறிப்பு) பதிவைப் பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பிரிவு 7 அறிவிப்பு, பிறகு பிரிவு 6 வெளியேற்றம், வருவாய்த் துறை செய்ய வேண்டியது. நிலம் கைமாறிய பிறகு அந்த வேலை பல்கலைக்கழகத்தின் தலையில் விழும், அதிகாரம் மட்டும் கூட வராது.

17 ஜூன்

"காகித வேலை" என்ற முதல் கருத்துக்கு ஹைதராபாத்தைச் சொல்ல வேண்டும்.

ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆறு அம்சத் திட்டத்தின் (ஆந்திர, தெலங்கானா பகுதிகளின் பூசலைத் தீர்க்க வந்த உடன்பாடு) விளைவு. அரசியல் சாசனத்தில் 371-இ என்று தனிப் பிரிவே போட்டு, 1974-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. காஞ்சா கச்சிபௌலியில் 2,300 ஏக்கருக்கு மேல் அன்றைய ஆந்திர அரசு ஒதுக்கியது. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே பாறையும் புதருமான காடு, யாருக்கும் அவசரமில்லை. வருவாய்க் கணக்கில் உரிமை முறையாகப் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் போய்ச் சேரவில்லை.

பிறகு பக்கத்தில் ஐடி நகரம் எழும்பியது. 2003-இல் புல எண் 25-இல் 400 ஏக்கரை விளையாட்டு அகாடமி கட்ட ஒரு தனியார் நிறுவனத்துக்கு அரசு கொடுத்தது. 2004-இல் பல்கலைக்கழகம் சுமார் 534 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்ததாகவும் பதிலுக்குக் கோபன்பள்ளியில் ஏறக்குறைய 397 ஏக்கர் பெற்றதாகவும் அரசின் ஆவணம் சொல்கிறது. 2006-இல் அடுத்த அரசு தனியார் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. வழக்கு 2024 வரை ஓடி, உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அரசு வென்றது. அதே வருடம் மாநிலத் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்துக்கு அந்த 400 ஏக்கர் மாறியது. 2025 மார்ச் 30-இல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. ஏப்ரல் 3-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வேலையை நிறுத்தியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விஷயம். 2024 ஜூலையில் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடு எல்லை குறித்தோம் என்கிறது கழகம். அப்படி அளவை எதுவும் நடக்கவில்லை, நிலத்தைச் சுற்றிப் பார்த்ததோடு சரி என்கிறது பல்கலைக்கழகம். ஐம்பது வருடம் கழித்து எல்லைக்கல் எங்கே என்பதில் சண்டை. உட்பிரிவு செய்து கல் நட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட ஒரு நில அளவர், இரண்டு உதவியாளர், கொஞ்ச நாள் வேலை. உங்கள் கணக்கில் அதுவும் காகித வேலைதானே?

18 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "பட்டா இருந்திருந்தால் பல்கலைக்கழகம் பிழைத்திருக்கும்" என்று எழுதுகிறார்கள். முழுக்கச் சரி இல்லை. உரிமை வேறு, காடு வேறு. உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியபோது யாருக்கு நிலம் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கின் உத்தரவு இன்றும் உயிரோடு இருக்கிறது: உரிமையாளர் யாராக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடு. பட்டா பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்து, பல்கலைக்கழகமே 100 ஏக்கரில் இயந்திரம் விட்டிருந்தாலும் இதே கேள்வி எழுந்திருக்கும்.

கேள்வி கேட்டவர் இதைத் தன் விதைப்பண்ணைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். பல வருடம் கைவிட்ட பண்ணையில் என்ன வளர்ந்திருக்கிறது? சீமைக் கருவேலம் மட்டும் என்றால் பெரிய தொல்லை இல்லை. வேம்பும் வாகையும் அடர்ந்து நின்றால், கோரிக்கை எழுதும் முன்பே மாவட்ட வன அலுவலரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களையும் எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு நிச்சயம் எடுக்கும்.

21 ஜூன்

பத்திரப் பதிவு வேண்டுமா? அரசு வழங்கும் நிலத்துக்குப் பதிவுச் சட்டம் 1908, பிரிவு 90 விலக்கு தருகிறது. அரசே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டிய ஆவணத்துக்கு முத்திரைச் சட்டத்திலும் விலக்கு உண்டு. ஆகவே கிரயப் பத்திரம் கட்டாயம் இல்லை. இதனால்தான் எல்லோரும் அரசாணையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அரசாணைக்குப் பிறகு நடக்க வேண்டியது: ஆட்சியரின் செயல்முறை ஆணை, நில மதிப்பு கட்ட வேண்டியிருந்தால் கட்டிய சலான், உட்பிரிவு ஆவணம், வட்டாட்சியர் ஒப்புதல், கல் நடுதல், நிலத்தை ஒப்படைத்ததற்கு இரு தரப்பும் தேதியோடு கையெழுத்திட்ட சான்று, 'அ' பதிவேட்டிலும் தமிழ்நிலம் மென்பொருளிலும் பெயர் மாற்றம். கடைசியாகப் புதுப் புல எண்ணில் பட்டா நகல் எடுத்து, பரப்பு அரசாணையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அரசாணை பழைய புல எண் 112/2 என்று சொல்லும், உட்பிரிவுக்குப் பின் 112/2பி ஆகியிருக்கும். இந்த இரண்டையும் இணைக்கும் தாள் கோப்பில் இல்லாவிட்டால் பதினைந்து வருடம் கழித்து யாராலும் தொடர்பு காட்ட முடியாது.

முன் நுழைவு அனுமதி பற்றி: அரசாணைக்கு முன்பே கட்டடம் தொடங்க அது உதவும். அவசரத்துக்கு நல்லது, ஆபத்தும் அதிலேயே. கட்டடம் எழும்பியதும் மீதிக் கோப்பைத் துரத்த ஆள் இருக்காது. கட்டடம் நிற்கிறதே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. முதல் அங்கீகாரக் குழு வந்து நில ஆவணம் கேட்கும்போது அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியாது.

24 ஜூன்

நிபந்தனைகள். வழக்கமான அரசாணையில் இருப்பவை: கொடுத்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், குறித்த காலத்துக்குள் வேலை தொடங்க வேண்டும், விற்கவோ அடமானம் வைக்கவோ உள்வாடகைக்கு விடவோ முன் அனுமதி வேண்டும், பொதுப் பாதை, நீர்வழிகளை மறிக்கக் கூடாது, மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசு திரும்ப எடுக்கும்.

அடமானம்தான் முதலில் கடிக்கும். விடுதி கட்டக் கடன் வாங்கப் போனால் வங்கி நிலத்தைக் கேட்கும். அனுமதி வாங்க மறுபடி தலைமைச் செயலகம். கோரிக்கை எழுதும்போதே "கல்விக் கட்டடங்களுக்கான நிதி நிறுவனக் கடனுக்கு" என்று விலக்குக் கேட்டு வைத்தால் அரசாணையிலேயே வரக்கூடும். பிறகு கேட்டால் அது புதுக் கோப்பு.

உள்வாடகை என்று பார்த்தால் வளாகத்துக்குள் வங்கிக் கிளை, உணவகம், கைப்பேசிக் கோபுரம் எல்லாமே கேள்விக்குரியவைதான். உணவகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். தணிக்கைக்காரர் கோபுர வாடகையைக் கேட்பார்.

"குறித்த காலம்" பற்றி ஒரு உபாயம்: மதில் மட்டும் கட்டி வைப்பது பயன்பாடு ஆகாது என்று அரசு வாதிடலாம். முதல் கட்டமாக நிர்வாகக் கட்டடம் அல்லது ஒரு வகுப்பறைத் தொகுதி. திட்ட அனுமதி, மின் இணைப்பு, முதல் மாணவர் சேர்க்கைத் தேதி மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

24 ஜூன், இரவு

"60 ஏக்கரும் வேண்டுமா, 35 கேட்டால் சீக்கிரம் கிடைக்குமா?" என்ற கேள்விக்கு: கிடைக்கும். ஆட்சியர் அளவில் முடியுமா, அரசு வரை போக வேண்டுமா என்பது நில மதிப்பைப் பொறுத்தது. ஆனால் வரம்புக்குள் வரவேண்டும் என்று துண்டு துண்டாகக் கேட்டால் ஒரே நோக்கத்துக்குப் பிரித்துக் கேட்டதாகத் தணிக்கைத் தடை விழும். சிக்கலுள்ள புல எண்களை விட்டுவிட்டுச் சுத்தமானதை முழுசாகக் கேளுங்கள். யு.டி.ஆர். தகராறும் ஓடையும் போக 41 ஏக்கர் வந்தால் 41.

இன்னொன்று, சுத்தமான 41 ஏக்கருக்கு நெடுஞ்சாலையிலிருந்து வழி இருக்கிறதா? விட்டுவிட்ட அந்தத் தகராறு நிலத்தின் வழியாகத்தான் பாதை என்றால் வண்டிப்பாதைப் புல எண்ணையும் வரைபடத்தில் சேர்த்துக் காட்டி, அணுகுசாலைக்கு ஊராட்சித் தீர்மானத்தில் தனி வரி போடச் சொல்லுங்கள்.

30 ஜூன்

கேள்வி கேட்டவர் 'அ' பதிவேட்டு நகலை அனுப்பியிருக்கிறார். ஐந்து புல எண். மூன்று "சர்க்கார், வேளாண்மைத் துறை", சரி. நான்காவதில் குறிப்புக் கலத்தில் "நி.எ." என்று மட்டும் இருக்கிறது, அநேகமாக நில எடுப்பு, தீர்ப்பாணை எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஆட்சியரக ஆவண அறையில் இல்லாவிட்டால் அரசிதழில் 1894 சட்டத்தின் 4(1) அறிவிக்கை, பிரிவு 6 விளம்பரம் இரண்டும் கிடைக்கும். அவற்றில் பழைய புல எண்களும் பரப்பும் இருக்கும். ஐந்தாவது "வாய்க்கால்". அதை விடுங்கள். இரு கரையிலும் பராமரிப்புக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நீர்வளத் துறையிடம் கேட்டு, வளாக வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.